வெட்டக் கூடாத பட்டு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் தையல்கடை வைத்து 22 ஆண்டுகளாகின்றன. கத்தரிக்கோலை எடுக்கவே மாட்டேன் என்று நான் மறுத்த துணி இதுவரை ஒன்றுதான். சென்ற ஆண்டு தன் திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில் ஒரு பஞ்சாபிப் பெண், பழைய வேட்டியில் சுற்றிய மூட்டையொன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் பிரித்து வைத்தாள். "அக்கா, இது எங்கள் பேபேயுடையது. நடுவில் வெட்டி ஒரு துப்பட்டாவும் ஒரு மேல்சட்டையும் தைத்துத் தருவீர்களா?" என்று கேட்டாள்.

பேபே என்று அவள் சொன்ன பாட்டியை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். எங்கள் தோட்டத்து லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, பின்னால் மாடு வைத்திருந்தவர். பால் ஊற்ற வரும்போது எங்கள் அம்மாவிடம் நல்ல தமிழில் பேசுவார். கல்கத்தாவில் கப்பலேறி வந்தவர்கள் என்பதால் சீக்கியர்களை நம்மவர்கள் வங்காளி என்றே அழைத்துப் பழகிவிட்டார்கள். உண்மையில் அவர்கள் பஞ்சாபிகள். 1873ஆம் ஆண்டில் கேப்டன் ஸ்பீடி என்ற ஆங்கிலேயர் லாருட் பகுதிக்கு அழைத்துவந்த வீரர்களிலிருந்தே பேராக்கில் அவர்களுடைய வரலாறு தொடங்குகிறது. பின்னர் காவலாளிகளாகவும் பால்காரர்களாகவும் தோட்டப்புறங்களுக்கு வந்தவர்களின் வீட்டுப் பெண்கள் பெட்டியில் எடுத்துவந்த பொருள்களில் ஒன்றுதான் புல்காரி. புல் என்றால் பூ, காரி என்றால் வேலை. கைத்தறிக் கதரில் பட்டு நூலால் பூவேலை செய்த இந்தப் பெரிய முக்காட்டுச் சால்வையில், அடித்துணி அநேகமாக வெளியே தெரியாதபடி பட்டால் நிரப்பிவிட்டால் அதற்குப் பாக், அதாவது தோட்டம், என்று பெயர். மேசைமேல் கிடந்தது ஒரு பாக்.

செம்பழுப்புக் கதரின் மேல் பொன்மஞ்சள் நூல் ஒன்றைத் தவிர வேறு நிறமே இல்லை என்றுதான் முதலில் எண்ணினேன். ஆனாலும் கட்டங்களுக்குள் கட்டங்களாக இரண்டு சாயல் தெரிந்தது. துணியைச் சன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தபோது விளங்கிற்று. ஒரு கட்டத்தில் நூலை நெடுக்காகவும் அடுத்த கட்டத்தில் குறுக்காகவும் ஓட்டியிருக்கிறார்கள். வெளிச்சம் படும் கோணம் மாறுவதால் ஒரே மஞ்சள் ஓரிடத்தில் வெயிலாகவும் ஓரிடத்தில் தேனாகவும் தெரிகிறது. இதற்காகவே அந்தப் பட்டு நூலை முறுக்காமல் வைத்திருப்பார்கள். முறுக்கினால் இந்தப் பளபளப்பு வராது. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை. துணியின் பின்புறத்தைப் பார்த்தபடி, கதரின் இழைகளை எண்ணி எண்ணித்தான் தைப்பார்கள். ஓரிழை தவறினாலும் கட்டம் கோணிவிடும். கைத்தறியின் அகலம் குறைவு என்பதால் இரண்டு மூன்று பட்டைகளை ஒட்டித்தான் ஒரு சால்வை ஆகும். இதிலும் ஒட்டுமிடத்தில் கட்டங்கள் ஒரு நூலளவு விலகியே நின்றன.

அந்தப் பெண்ணிடம் துணியைத் திருப்பிக் காட்டினேன். பின்புறத்தில் வெறும் புள்ளிகளே இருந்தன. விலையுயர்ந்த பட்டு வீணாகாமலிருக்க அடித்துணியில் ஓரிழையை மட்டும் கோத்தெடுத்து, மீதி நூல் முழுவதையும் முன்புறத்தில் நீளமாகப் படுக்க விட்டிருக்கிறார்கள். அந்த நீண்ட நூல்களை இரு முனைகள் மட்டுமே பிடித்திருக்கின்றன. குறுக்கே கத்தரித்தால் வெட்டுப்பட்ட ஒவ்வொரு நூலும் பிடியை விட்டு உருவிக்கொண்டு வந்துவிடும். ஓரத்தை எவ்வளவு மடித்துத் தைத்தாலும் நிற்காது. கடைகளில் இப்போது புல்காரி என்று விற்கும் சிஃபான் துப்பட்டாக்கள் பெரும்பாலும் இயந்திரத் தையல்; அவற்றை வெட்டலாம், துவைக்கலாம். இதையோ தண்ணீரில் நனைக்கவும் கூடாது, சாயம் இறங்கிவிடும்.

வரப்போகும் மருமகளுக்கென்று மாப்பிள்ளை வீட்டார் தயாரிக்கும் பாக் உண்டு. பேரன் பிறந்ததுமே பாட்டி ஊசியைக் கையிலெடுத்துவிடுவதும் வழக்கம். இதுவும் பேபேக்கு அவருடைய மாமியார் போர்த்தி விட்டது என்று அந்தப் பெண்ணே சொன்னாள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "வெட்ட வேண்டாம் அக்கா, இப்படியே போட்டுக்கொள்கிறேன்" என்றாள்.

ஆனால் அந்தக் கனத்தை இற்றுப்போன கதர் தாங்காது. ஆகவே மெல்லிய மல் துணியை அடியில் கொடுத்து, பூவேலைக்கு இடையில் கதர் தெரிந்த இடங்களில் மட்டும் ஊசியை இறக்கி, கையால் ஓட்டுத்தையல் போட்டேன். 11 நாள் பிடித்தது. வளையல் மாட்டி நூலை இழுத்துவிடாதபடி மணப்பெண்ணின் தோளருகே மெல்லிய வலைத் துணியும் வைத்தேன்.

வேலை முடிந்து வாங்க வந்தபோது, ஒரு மூலையில் மஞ்சளுக்கு நடுவே கறுப்பு நூலில் ஒரு சிறு கட்டம் இருப்பதைக் காட்டி, நூல் தீர்ந்துபோய்த் தவறாகத் தைத்துவிட்டார்களா, அதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். கண்ணேறு படாமலிருக்க அவர்களே வேண்டுமென்று விட்டுவைப்பது அது. குழந்தையின் கன்னத்தில் நாம் வைக்கும் திருஷ்டிப் பொட்டைப் போன்றது என்றேன். குருத்வாராவில் அவள் நான்கு முறை வலம் வந்தபோது நான் பெண்கள் பக்கம் அமர்ந்திருந்தேன். அந்தக் கறுப்புக் கட்டம் அவளுடைய இடத் தோளுக்குச் சற்றுக் கீழே படிந்திருந்தது.