கைதான முதல் 24 மணி நேரம்

வீட்டிலிருந்து ஒருவரைப் போலீஸ் அழைத்துக்கொண்டு போனதும் எல்லோரும் வக்கீலைத் தேடுவார்கள், இல்லாவிட்டால் தெரிந்த கட்சிக்காரரைத் தேடுவார்கள். இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மணி என்ன என்று பார்த்து எழுதிவைக்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், சீருடையா மஃப்டியா, வண்டி எண் என்ன, எந்த ஸ்டேஷன் என்று சொன்னார்கள், அப்போது யார் யார் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதியதை உடனே யாராவது ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அனுப்பிய நேரமும் பதிவாகிவிடும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்றால், கைதானவருக்கு அரசமைப்புச் சட்டம் தரும் பாதுகாப்பில் பெரும்பகுதி ஒரு கடிகாரத்தை நம்பியிருக்கிறது. உறுப்பு 22(2): கைதான நேரத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும், பயண நேரம் மட்டுமே கழியும். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) அதையே 58ஆம் பிரிவில் சொல்கிறது. வேறு சட்டத்தின் பெயர் சொல்லாத இடங்களில், கீழே வரும் பிரிவு எண்கள் இந்தச் சட்டத்தவை. ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் விடுமுறை என்று கணக்கு நிற்காது. விடுமுறை நாளிலும் முறைப்பணியில் ஒரு மாஜிஸ்திரேட் இருப்பார், தேவைப்பட்டால் அவர் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள்.

இந்த விதியை நேரடியாக மீறுவது குறைவு. கடிகாரத்தைத் தாமதமாக ஓடவிடுவதுதான் வழக்கம். "விசாரணைக்குத்தான் கூட்டிட்டுப் போறோம், சாயந்திரம் அனுப்பிடுவோம்" என்பார்கள். திங்கள் மாலை போனவர் செவ்வாய் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். புதன் காலை கைதுக் குறிப்பில், பேருந்து நிலையம் அருகே சந்தேகத்துக்கிடமாக நின்றபோது பிடிபட்டதாக இருக்கும். காகிதத்தின்படி எல்லாம் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. எழுந்து போக ஒருவருக்கு விடுதலை இல்லையென்றால் அந்த நொடியிலிருந்தே அவர் காவலில் இருப்பதாகத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன, கைதுக் குறிப்பில் எந்த நேரம் இருந்தாலும் சரி. ஆனால் அந்த நொடி எது என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். பழைய வக்கீல்கள் "முதல்ல ஒரு தந்தி அடிச்சிடு" என்று சொன்னது இதற்காகத்தான். எஸ்.பி.க்கும் நீதிமன்றத்துக்கும் தந்தி போனால் அதில் அரசு முத்திரையோடு நேரம் இருக்கும், யாரும் மறுக்க முடியாது. 2013 ஜூலையோடு தந்தி சேவை நின்றுபோனது. இப்போது அந்த இடத்தில் மாவட்ட எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல், அதே வாசகத்தோடு ஸ்பீடு போஸ்ட், 100 அல்லது 112க்கு ஓர் அழைப்பு. நாலு வரி போதும்: யாரை, எப்போது, எங்கிருந்து, எந்த ஸ்டேஷன் ஆட்கள். கோபத்தையும் நியாயத்தையும் அதில் எழுத வேண்டாம்.

விசாரணைக்கு வரச் சொல்லும் உரிமை போலீசுக்கு இருக்கிறது, ஆனால் எழுத்தில். சாட்சியாக அழைப்பதென்றால் 179ஆம் பிரிவு. 15 வயதுக்குட்பட்ட சிறுவர்கள், 60 வயதைக் கடந்த ஆண்கள், எந்த வயதுப் பெண்களானாலும், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை அந்தப் பிரிவின்கீழ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவராகவே அழைப்பதென்றால் 35(3) நோட்டீஸ். ஏழு ஆண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றங்களில், ஏன் கைது அவசியம் என்று காரணம் எழுதாமல் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் வழக்கில் 2014இல் சொன்னது இதையொட்டித்தான். நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். போகாமல் இருப்பதே பிறகு கைதுக்குக் காரணமாகிவிடும். போய்வந்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி கைதுக் குறிப்பு. 1986இல் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, லாக்கப் சாவுகள் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது பொதுநல வழக்காகி, 1996 டிசம்பரில் 11 கட்டளைகளாக வந்தது. அவற்றில் பல இப்போது சட்டப் பிரிவுகளாகவே இருக்கின்றன. 36ஆம் பிரிவின்படி கைது செய்யும் அதிகாரியின் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் இருக்க வேண்டும். அந்த இடத்திலேயே கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்திட வேண்டும். நேரமும் தேதியும் அதில் இருப்பது கட்டாயம். நேரத்துக்கான இடம் காலியாக இருந்தாலோ தவறாக இருந்தாலோ, கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்திலேயே அந்த நேரத்தை எழுதிவிடுங்கள். மறுத்துச் சண்டை போடுவதைவிட இது வலுவானது. பின்னால் அந்தத் தாளே உங்களுக்குச் சாட்சி.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது முன்பு பணமோசடித் தடுப்புச் சட்டம், உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்) போன்ற சட்டங்களில் மட்டும் வலியுறுத்தப்பட்டது. 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை எல்லாக் குற்றங்களுக்கும் விரித்துவிட்டது. கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்தில் தர வேண்டும். அங்கேயே தர வழியில்லை என்றால் வாயால் சொல்லிவிட்டு, ரிமாண்டுக்கு (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் இடும் உத்தரவுக்கு) ஆஜர்படுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது தாள் கைக்கு வந்துவிட வேண்டும். வெறும் பிரிவு எண்களைப் பட்டியல் போட்டால் அது காரணம் ஆகாது. இன்னார் என்ன செய்ததாகச் சொல்லப்படுகிறது என்பது இருக்க வேண்டும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் தந்தால், அதையே ரிமாண்டின்போது ஆட்சேபணையாகச் சொல்லலாம்.

கைதான தகவலை உறவினர், நண்பர், அல்லது கைதானவர் சொல்லும் வேறொருவருக்குத் தெரிவிக்க வேண்டியது போலீசின் கடமை (பிரிவு 48). யாருக்குச் சொன்னார்கள் என்பதை ஸ்டேஷன் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். ஸ்டேஷனில் "இங்கே அப்படி யாரும் இல்லையே" என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். 37ஆம் பிரிவின்படி கைதானவர்களின் விவரத்தை வைத்திருக்க ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாவட்டத்திலும் ஏ.எஸ்.ஐ. நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி இருக்க வேண்டும்.

பெண்களைச் சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி எழுத்தில் அறிக்கை கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவே கூடாது, அவர் போக வேண்டிய இடம் இளைஞர் நீதிக் குழுமம். வயதைக் காட்டப் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ உடனே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஸ்டேஷனுக்குள் கையெழுத்து விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விசாரணையில் போலீசிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181ஆம் பிரிவே சொல்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமும் ஆகாது. பின் எதற்கு வாங்குகிறார்கள்? அந்த வாக்குமூலத்தால் ஏதாவது பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேராகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். கத்தியோ நகையோ "இவர் காட்டிய இடத்திலிருந்து" எடுத்ததாக மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் கைப்பற்றல் குறிப்பு) எழுத அந்தத் தாள் உதவும். எனவே வெள்ளைத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். அடித்து வாங்கிவிட்டால், நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிட வேண்டும். தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். உறுப்பு 20(3) தரும் அந்தப் பாதுகாப்பு நீதிமன்றத்தில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்று நந்தினி சத்பதி வழக்கில் 1978இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் அவர் பக்கத்தில் உட்கார முடியாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்பது தடையல்ல. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்றாலும், 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இலவச வக்கீல் உண்டு. உதவி எண் 15100. ஜாமீனில் விடத்தக்க குற்றமென்றால் ஸ்டேஷனிலேயே ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். அதற்காக யாருக்கும் எதையும் தர வேண்டியதில்லை.

மருத்துவப் பரிசோதனையைப் பலர் சடங்காக நினைக்கிறார்கள், ஆனால் அடி வாங்கியவருக்கு அதைவிட முக்கியமான ஆவணம் இல்லை. கைதானவுடன் அரசு மருத்துவர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும். அதன் நகல் கைதானவருக்கோ அவர் சொல்பவருக்கோ தரப்பட வேண்டும் (பிரிவு 53). காவலில் தொடர்ந்தால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதனை என்பது பாசு தீர்ப்பின் கட்டளை. நடைமுறையில் என்ன ஆகிறது? கூட வந்த போலீஸ்காரர் அறைக்குள்ளேயே நிற்பார், மருத்துவர் நிமிர்ந்து பார்க்காமல் "காயம் ஏதுமில்லை" என்று எழுதிவிடுவார். "சட்டையைக் கழற்றிப் பாருங்கள் டாக்டர்" என்று கேட்க வேண்டும். உள்ளங்காலையும் பின்புறத்தையும் காட்ட வேண்டும். வழுக்கி விழுந்ததாக எழுதப் போனால், யார் எதனால் அடித்தார்கள் என்று சொல்லி அதையே எழுதச் சொல்ல வேண்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தில் கடை திறந்திருந்ததாகச் சொல்லித் தந்தையையும் மகனையும் பிடித்தார்கள். மருத்துவர் சான்றிதழ் தந்தார், மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்தார், கோவில்பட்டிக் கிளைச் சிறை வாங்கிக்கொண்டது. மூன்று வாசல்களிலும் யாராவது ஒருவர் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த ஸ்டேஷனின் சிசிடிவி பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது பிறகு தெரிந்தது.

ஆகவே மாஜிஸ்திரேட் முன் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தை வீணாக்கக் கூடாது. போலீஸ் காவலுக்கு முதல் முறை அனுப்பும்போது ஆளை நேரில் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். "போலீஸ் மீது ஏதாவது புகார் உண்டா?" என்று கேட்பார்கள். வெளியே வேனில் "எதுவும் சொல்லாதே, ஜாமீன் சீக்கிரம் கிடைக்கும்" என்று சொல்லியிருப்பார்கள். அந்தப் பேச்சை நம்பி "இல்லை" என்றால் அது ரிமாண்ட் உத்தரவில் ஏறிவிடும். ஆறு மாதம் கழித்துச் சொல்வதை அப்புறம் எழுந்த யோசனை என்பார்கள். சொல்ல வேண்டியவை: உண்மையில் பிடித்த நேரம், அடித்திருந்தால் எங்கே அடித்தார்கள், கைதுக் காரணம் எழுத்தில் வந்ததா, வீட்டுக்குத் தகவல் போனதா, வக்கீல் வேண்டும் என்பது. சொன்னதைப் பதிவு செய்யும்படியும் கேளுங்கள். வக்கீல் இருந்தால் அதை ஒரு மனுவாகவே கொடுத்துவிடுவார்.

24 மணி நேரம் தாண்டியும் ஆளைக் காணோம் என்றால் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு: சென்னை உயர் நீதிமன்றம், தென் மாவட்டங்களென்றால் மதுரைக் கிளை. மனைவி, பெற்றோர், நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். மனு எடுக்கப்படும் முன் போலீஸ் ரிமாண்ட் செய்துவிட்டால் பெரும்பாலும் அந்த மனு முடிந்துபோகும். அதற்காகப் போடாமல் இருக்க வேண்டாம். மனு போட்ட பிறகுதான் பல ஆட்கள் வெளியே தெரிகிறார்கள்.

இத்தனைக்கும் ஒரு பெரிய ஓட்டை அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. தடுப்புக்காவல் (இனி குற்றம் செய்யாமல் தடுக்கவென்று முன்கூட்டியே உள்ளே வைப்பது) என்றால் 22ஆம் உறுப்பின் 24 மணி நேரம் பொருந்தாது. தமிழ்நாட்டில் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தில் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அங்கே வேறு கடிகாரங்கள்: காரணங்களை ஐந்து நாளுக்குள் தர வேண்டும், மாநில அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், மூன்று வாரத்துக்குள் அந்த உத்தரவு, அதைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். இந்த உத்தரவுகள் உயர் நீதிமன்றத்தில் உடைவது பெரும்பாலும் நடைமுறைப் பிழையால்தான். படிக்க முடியாத ஜெராக்ஸ், தமிழாக்கம் தராத ஆவணம், உத்தரவை எதிர்த்து உள்ளே இருப்பவர் அனுப்பும் முறையீட்டைப் பரிசீலிக்கக் காரணமில்லாத தாமதம். எனவே சிறையில் கையில் தரும் ஆவணப் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள், முறையீட்டை உடனே அனுப்புங்கள்.

வெளியே வந்த பிறகு முதலில் சிசிடிவி. ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாத இடத்திலும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாதிக்கப்பட்டவர் அதைப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்கலாம். தேதி, நேரம், ஸ்டேஷனின் எந்தப் பகுதி என்று குறிப்பிட்டு எஸ்.பி.க்கு எழுதுங்கள், "கேமரா பழுது" என்ற பதில் வந்தாலும் அதை எழுத்தில் வாங்குங்கள்.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கான புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடம் தாண்டினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கைதுக் குறிப்பு, ரிமாண்ட் உத்தரவு, மருத்துவ அறிக்கை, அன்றைக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றின் நகல்களை இணைத்து, அதிகாரியின் பெயரும் பதவியும் தெரிந்தவரை எழுதினால் போதும். மாநில ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. அதனால் இரண்டுக்கும் சேர்த்து அனுப்பாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அனுப்பிய தேதிக்கான ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.