கஸ்டம் பாலிமர் பிஸ்டல்: கூடுதல் காசு எங்கே தெரிகிறது?

பாலிமர், அதாவது பிளாஸ்டிக் உடல் கொண்ட கிளாக் 17 பிஸ்டல்கள் இரண்டை ரேஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று என்னுடையது, கம்பெனியிலிருந்து வந்தபடியே இருப்பது. மற்றது கிளப் நண்பர் ஒருவர் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டது. ஸ்லைடில் (சுடும்போது முன்பின் நகரும் மேல்பகுதி) ஜன்னல் ஜன்னலாக வெட்டு, அளவு பார்த்துப் பொருத்திய பேரல் (குழல்), தட்டையான ட்ரிகர், சொரசொரப்பாக்கிய கிரிப், மேலே ரெட் டாட் (குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் கருவி). அது விழுங்கிய பணத்தில் என்னுடையதைப் போல இரண்டு வாங்கலாம், தோட்டாவுக்கும் மிஞ்சும்.

முதலில் 25 மீட்டரில், மேசையில் தாங்கு கொடுத்துச் சுட்டேன். கஸ்டம் பிஸ்டலின் குரூப், அதாவது இலக்கில் விழுந்த துளைகளின் கூட்டம், தெளிவாகவே நெருக்கம். பேரலுக்குக் கொடுத்த காசு வீணில்லை என்று தோன்றியது. எழுந்து நின்று சுட்டதும் அந்த நெருக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போனது. பேரல் மிச்சப்படுத்துவதைவிட என் கை ஆட்டம் பெரிது, அவ்வளவுதான்.

ட்ரிகர் கதை வேறு. கிளாக்கில் ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்க வைக்கும் ஊசி) முழுதாகப் பின்னுக்கு இழுபட்டு நிற்காது. மீதி வேலையை விரல்தான் செய்ய வேண்டும். அதனால்தான் அந்தக் கொழகொழப்பு, சுமார் 2.5 கிலோ இழுவை. நண்பருடையதில் சுவர், அதாவது வெடிக்கும் முன் ட்ரிகர் தடுத்து நிற்கும் இடம், எங்கே என்று விரலுக்குத் தெரிகிறது, சட்டென விடுகிறது, அடுத்த சுடலுக்கு ட்ரிகர் திரும்பி வர வேண்டிய தூரமும் (ரீசெட்) குறுகல். 10 மீட்டரில் வேகமாக இரண்டிரண்டாகச் சுடும்போது இரண்டாவது தோட்டா விலகிப் போவது குறைந்தது. ஆனால் இதற்கு முழு பிஸ்டலையும் மாற்ற வேண்டியதில்லை. விவரம் தெரிந்த ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ட்ரிகரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் பாதுகாப்பு அமைப்பு பழையபடி வேலை செய்கிறதா என்று அவரே சோதித்துத் தர வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

ரெட் டாட்டும் அப்படியே. ஸ்லைடை நேரடியாகக் குடைந்து பொருத்தினால் கொஞ்சம் தாழ்வாக உட்காரும், உண்மைதான். ரெட் டாட் பொருத்த கம்பெனியே இடம் வெட்டித் தரும் எம்ஓஎஸ் ஸ்லைடு உள்ள மாடலில் பிளேட் வைத்துப் பொருத்தினாலும் புள்ளி புள்ளிதான்.

ஜன்னல் வெட்டுகள் பார்க்க அழகு. ஸ்லைடு இலேசானால் ஸ்பிரிங்கும் அதற்கேற்ப மாற வேண்டும். நண்பருடையது மென்மையான ஒரு வகைத் தோட்டாவில் அடிக்கடி சிக்கியது. அதே தோட்டாவை என்னுடையது முணுமுணுக்காமல் சுட்டது. கிரிப் சொரசொரப்பு வியர்த்த கைக்கு நல்ல பிடி, நீண்ட பயிற்சி முடிந்தால் உள்ளங்கை எரியும். பாலிமரில் சூடு போட்டுச் செய்வதை அழிக்கவும் முடியாது.

அப்புறம், எடை. காலி கிளாக் 17 சுமார் 630 கிராம். எஃகில் செய்த சிஇசட் ஷேடோ 2 என்ற போட்டிப் பிஸ்டல் ஏறக்குறைய 1.3 கிலோ. உதைப்பை அந்த எடையே பாதி வாங்கிக்கொள்கிறது, எந்த வெட்டும் வேண்டாம். கஸ்டம் செலவு அந்த வகைப் பிஸ்டலின் விலையைத் தொடும்போது, போட்டிக்காக மட்டும் சுடுபவர் ஏன் பாலிமரில் நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. ஐபிஎஸ்சி என்ற துப்பாக்கிச் சுடும் போட்டியின் புரொடக்‌ஷன் பிரிவில் காம்பன்சேட்டர் (குழல் முனையில் உதைப்பைக் குறைக்கும் துண்டு) போன்றவற்றுக்கு இடமும் கிடையாது.

சரி, என் பிஸ்டலில் ட்ரிகர் மட்டும் மாறப்போகிறது. ஸ்லைடும் பேரலும் இருந்தபடி இருக்கட்டும். மிச்சக் காசு தோட்டாவுக்கு.