ஒரு சீக்கோ 5-ஐத் தேடி: நாட்குறிப்பு

9 ஜூன் 2024, ஞாயிறு

பெரியப்பா துபாயிலிருந்து முதல் விடுப்பில் வந்தபோது கட்டியிருந்த சீக்கோ 5 கடிகாரம், பிற்பாடு ஒரு பணமுடையில் கைமாறிப் போனது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒருவர் சபுராளி, அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர், என்பதைச் சென்ட் வாசனைக்கு அடுத்தபடியாகச் சொன்னது அந்தக் கடிகாரம்தான். நான் வாங்கும் முதல் பழைய கடிகாரமும் அதே வகையாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இணையத்தில் 2,200 ரூபாய்க்கு ஆரஞ்சு நிற டயலுடன் ஒன்று கண்ணில் பட்டது. ஐம்பது ஆண்டுப் பழையது என்கிறார் விற்பவர். டயலிலோ ஒரு புள்ளிகூட மங்கவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

15 ஜூன், சனி

மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில் நாற்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவரிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். "தம்பி, இது புதுசா பெயிண்ட் அடிச்ச டயல்" என்றவர், அதே போன்ற ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் லென்ஸோடு கொடுத்தார். எழுத்துகளின் ஓரம் மை ஊறியதுபோல் தடித்திருந்தது. நிமிடக் கோடுகள் சில இடங்களில் மணி காட்டும் பட்டைகளோடு நேர்கோட்டில் சேரவில்லை. டயலின் அடிவிளிம்பில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய மெஷின் எண்ணைக் காணவே இல்லை. உள்ளே ஓடும் மெஷின் சீக்கோதான் என்பதால் இதை முழுப்போலி என்று சொல்ல முடியாது. ஆனாலும் முகம் மாற்றப்பட்டதை அசல் என்று சொல்லி விற்பது ஏமாற்றுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

22 ஜூன், சனி

கீழக்கரையில் ஒரு வீட்டில் விலைக்கு இருப்பதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்ல, காலையிலேயே கிளம்பிவிட்டேன். "வாப்பா குவைத்தில் வாங்கியது, அவர் மவுத்துக்குப் பிறகு யாரும் கட்டவில்லை" என்று மகன் எடுத்து வந்து வைத்தார். பின்மூடியில் 6119 என்று தொடங்கும் எண். டயலின் அடிவிளிம்பிலும் அதே 6119. அதற்குப் பின்வரும் எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. கூடு எண்ணும் டயல் எண்ணும் அப்படி வேறுபடுவது வழக்கம்தான் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. வரிசை எண் 54 என்று தொடங்கியது. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். 6119 மெஷின் அறுபதுகளின் பிற்பாதியில் வந்து எழுபதுகளோடு முடிந்துபோனதால் இது 1975 ஏப்ரல் என்று உறுதியாகக் கொள்ளலாம்.

நான்கு மணிப் பக்கம் பதிந்திருந்த சாவியை உள்ளே அழுத்தியதும் தேதி சட்டென்று தாவியது. கிழமைக் கட்டத்தில் ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி வந்தன. வளைகுடாச் சந்தைக்கென்று அனுப்பப்பட்டதற்கு அதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? வெள்ளி நிற டயல் ஓரங்களில் தேன் நிறமாகப் பழுத்திருந்தது. முட்களில் பூசிய ஒளிப்பூச்சும் அதே அளவுக்கு மஞ்சளித்திருந்ததால், முள்ளும் டயலும் ஒன்றாகவே மூத்தவை என்று தோன்றியது.

அவர் 6,500 கேட்டார். கண்ணாடி கீறியிருப்பது எனக்குப் பொருட்டில்லை, அது மாற்றக்கூடியது. ஆனால் அசல் ஸ்டீல் பட்டை இல்லை, எண்ணெய் போட்டுப் பல ஆண்டாகியிருக்கும் என்று இரண்டையும் எடுத்துச் சொன்னேன். 4,500-க்கு முடிந்தது. ஆரஞ்சு டயலின் விலையைப்போல் இருமடங்கு கொடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

30 ஜூன், ஞாயிறு

பெரியவர் மூடியைத் திறந்து, 6119சி என்ற எண்ணையும் 21 கல் (உராய்வைக் குறைக்க மெஷினுக்குள் பதிக்கும் கற்கள்) என்ற குறிப்பையும் காட்டினார். துரு இல்லை. கழுவி எண்ணெயிட 900 ரூபாய் வாங்கிக்கொண்டு, கூட்டை மட்டும் பாலிஷ் போட வேண்டாம், விளிம்புகளின் கூர் போய்விடும் என்று அவரே தடுத்தார். இந்த மெஷினுக்குச் சாவி கொடுக்கும் வழி கிடையாது, கையசைவில்தான் ஏறும். மூன்று நாளாக ஒரு நாளைக்கு இருபது நொடி முந்துகிறது. இன்று பெரியப்பாவின் மணிக்கட்டில் கட்டிவிட்டேன். அவர் நேரத்தைப் பார்க்கவில்லை. காதருகே கொண்டுபோய் வெகுநேரம் வைத்திருந்தார்.