என் ஆவணங்களுக்குப் பதிப்புரிமை பதிவு செய்த அனுபவம்

பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கம் முந்திரி ஆலைகளுக்கு உணவுப் பாதுகாப்பு ஆவணங்கள் எழுதிக் கொடுப்பது என் தொழில். ஐஎஸ்ஓ 22000 என்ற சர்வதேச உணவுப் பாதுகாப்புத் தரச் சான்றிதழுக்குப் போகிற ஆலைகளுக்குக் கையேடு, பதிவேடு, தணிக்கைப் பட்டியல் எல்லாவற்றையும் தமிழிலேயே தயார் செய்வேன். வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். உதவிக்கு ஆள் கிடையாது, எல்லாம் நானேதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வில்லியனூரில் ஒரு பேக்கரி முதலாளி கூப்பிட்டார். வேறொரு கன்சல்டன்ட் போட்டுக் கொடுத்த ஃபைல் இருக்கிறது, தணிக்கைக்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்றார். திறந்ததும் கையெழுத்துக் கட்டங்களின் வரிசை எனக்குப் பழக்கமானதாக இருந்தது. பத்தாம் பக்கத்தில் இப்படி ஒரு வரி: “பிஸ்கட் ஓட்டின் எண்ணெய் கையில் பட்டவர்கள், கழுவாமல் தோல் உரிக்கும் மேசைக்கு வரக்கூடாது.”

பிஸ்கட்டுக்கு ஏது ஓடு? ‘முந்திரி’ என்று வந்த இடத்திலெல்லாம் ‘பிஸ்கட்’ என்று மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். ஓடு உடைக்கிற அம்மாக்களோடு நாலு நாள் உட்கார்ந்து, அவர்கள் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிய வரி அது. ‘பராமரிப்பு’ என்பதை நான் ஓரிடத்தில் ‘பறாமரிப்பு’ என்று தவறாக அடித்திருந்தேன். அந்த வல்லின றகரமும் அப்படியே இருந்தது. முதலாளியிடம் கேட்டுக் கணினிக் கோப்பின் விவரங்களைத் திறந்தால், உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர்.

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. பணம் போனதைவிட, அந்த அம்மாக்களின் பேச்சைக் கொண்டுபோய் அர்த்தமில்லாத இடத்தில் ஒட்டியிருக்கிறார்களே என்றுதான் வயிறு எரிந்தது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீல் அம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “இதை நீங்க சம்பளத்துல இருக்கும்போது எழுதினதா, வெளியில வந்தப்புறமா?” வேலையில் இருக்கும்போது வேலையின் பகுதியாக எழுதியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை முதலாளிக்குத்தான். நான் வெளியே வந்த பிறகு எழுதியது. முந்திரி ஆலையோடு என்ன ஒப்பந்தம் என்று அடுத்துக் கேட்டார். பில் மட்டும்தான் இருக்கிறது என்றேன். அது எனக்குச் சாதகமாகவே அமைந்தது. பதிப்புரிமையை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதென்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1957ஆம் வருஷத்துச் சட்டம். காசு வாங்கிவிட்டேன் என்பதால் மட்டும் உரிமை ஆலைக்குப் போய்விடாது.

“ஆனா தம்பி, கட்டம் போட்ட தாளுக்கெல்லாம் உரிமை கேட்டு நிக்காதீங்க” என்றார். தேதி, வெப்பநிலை, கையெழுத்து என்று மூன்று பத்தி போட்ட வெற்றுப் படிவத்தை யாரும் யோசிக்கலாம். யோசனைக்கு உரிமை கிடையாது, அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. நாடகக் கதையைத் திருடிப் படமெடுத்ததாக வந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதை 1978லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம்தான் உண்மையான வேலை தொடங்கியது. என் ஆவணத் தொகுப்பின் 64 பக்கங்களையும் அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து, எது என்னுடையது, எது இல்லை என்று பிரித்தேன். கை கழுவுமிடம், வடிகால் பற்றிய ஒரு பட்டியல் 2011ஆம் வருஷத்து உணவு உரிம விதிகளின் நாலாம் அட்டவணையில் இருந்து வந்தது. அரசு விதி, என்னுடையது என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கம் ஐஎஸ்ஓ தரநூலின் வாசகத்தையே மொழிபெயர்த்து வைத்திருந்தேன். அந்த நூலின் பதிப்புரிமை ஐஎஸ்ஓ அமைப்புக்கு. அந்த இரண்டு பக்கத்தைப் பார்த்தபோது முகம் சுருங்கிப்போனது. இன்னொருவர் செய்ததற்குக் கோபப்பட்டுக்கொண்டிருந்த நானும் அதே தப்பைச் செய்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டு என் வார்த்தையில் திரும்ப எழுத ஒரு வாரம் ஆனது. இதெல்லாம் போக மிஞ்சியது 51 பக்கம்.

படைப்பு உண்டானதுமே உரிமை வந்துவிடும், பதிவு கட்டாயமில்லை. இருந்தாலும் பதிவேட்டில் இருப்பது நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக, அதாவது எதிராளி தவறென்று நிரூபிக்கும்வரை ஏற்கப்படும் சான்றாக, நிற்கும் என்பதால் பதிவு செய்தேன். ஒவ்வொரு தாளையும் தனித்தனியாகப் போடாமல் முழுத் தொகுப்பையும் ஒரே இலக்கியப் படைப்பாகக் கொடுத்தேன். சட்டத்தில் தொகுப்புகளும் அட்டவணைகளும் ‘இலக்கியப் படைப்பு’ என்பதற்குள் வருகின்றன. படிவம் 14, கட்டணம் 500 ரூபாய், எல்லாம் ஆன்லைனில். பணம் கட்டியதும் விண்ணப்பத்துக்கு அடையாளமாக ஒரு டைரி எண் வரும். யாராவது ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் காத்திருப்பார்கள். அதற்கப்புறம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது: படங்களை வரைந்தது யார்? என் மச்சான் வரைந்து கொடுத்த படங்கள். அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி அனுப்பினேன். சான்றிதழ் வரச் சில மாதங்கள் ஆயின. விண்ணப்பத்தோடேயே அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் பாதி நேரம் மிச்சமாகியிருக்கும்.

வக்கீல் நோட்டீசை அதுவரை நிறுத்தி வைத்திருந்தோம். ஆதாரமில்லாமல் மிரட்டினால் எதிராளி நம் மேலேயே வழக்குப் போடலாம், அதற்கும் சட்டத்தில் பிரிவு இருக்கிறதாம். இன்னொரு பயமும் எனக்கு இருந்தது. என் ஃபைலை எடுத்து மாற்றிய அந்தக் கன்சல்டன்ட் புதுச்சேரிக்காரர், வேறு ஆட்சி, வழக்கென்றால் அங்கேதான் அலைய வேண்டுமோ என்று. தேவையில்லை. பதிப்புரிமை வழக்கை, உரிமையாளர் குடியிருந்து தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம். கடலூரிலேயே போட்டிருக்கலாம்.

போட வேண்டி வரவில்லை. ஒப்புகைச் சீட்டோடு நோட்டீஸ் போன நாலாம் நாள் அவரே போன் செய்தார். “இதெல்லாம் எல்லாரும் வெச்சிருக்கிற ஃபார்மட்தானே சார்” என்றார். பிஸ்கட் ஓடு பற்றிய வரியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. இனிப் பயன்படுத்த மாட்டேன், இருக்கும் கோப்புகளை அழித்துவிடுகிறேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தார். நஷ்ட ஈடு நான் கேட்கவில்லை. வக்கீல் அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது பில்லோடு இரண்டு பக்க ஒப்பந்தமும் கொடுக்கிறேன். ‘இந்த ஆலையில் மட்டும் பயன்படுத்தலாம், திருத்திக்கொள்ளலாம், வெளியே தரக்கூடாது’ என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடுகிறோம். கையேடு பிடிஎஃப் ஆக, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஆலையின் பெயரோடு போகும். தினமும் நிரப்புகிற பதிவேடுகளை மட்டும் திருத்தக்கூடிய கோப்பாகத் தருகிறேன். அதைப் பூட்டி வைத்தால் வேலை நடக்காது.

வில்லியனூர் பேக்கரிக்கும் புதிதாக எழுதிக் கொடுத்தேன். அடுப்படியில் மூன்று நாள் நின்றேன். மாவு சலிக்கிற பையன் சல்லடையை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கிழிசல் பார்த்தான். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். “எங்க அப்பா சார்” என்றான். கையேட்டின் முதல் வரி அதுதான்: மாவு சலிக்கும் முன் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்.