சார் கேட்டதுக்கு லீவுல வந்து சொல்றேன்னேன்

கெமிஸ்ட்ரி சார் போயிட்டார்னு நம்ம பேட்ச் குரூப்ல மெசேஜ் வந்தப்ப நான் சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு கப்பலுக்கு அடியில நின்னுட்டிருந்தேன். டாக்ல தண்ணி வடிச்சு கப்பல கட்டைமேல உக்கார வச்சிருந்தாங்க, கப்பல் துருப்பிடிக்காம இருக்க அடியில பொருத்தற ஆனோடுங்கற உலோகக் கட்டிங்க, அதுல பாதி கரைஞ்சுபோனத எண்ணி குறிச்சிட்டிருந்தோம். எனக்கு அதுக்கப்புறம் எண்ணிக்கை ஓடல. சார் நினைவு மலருக்கு ஏதாவது எழுதுடான்னாங்க, எனக்கு எழுத இருக்கறது இது ஒண்ணுதான்.

1988, பத்தாவது. நம்ம லேபு ஜன்னல் கம்பி ஞாபகம் இருக்கும், கடல்காத்து பட்டு பட்டு தொட்டாலே துரு உதிரும். சார் சோடியத்த கெரசின்லேர்ந்து எடுத்து பிளேடால வெட்டுவார், உள்ள வெள்ளி மாதிரி பளபளக்கும், நாம எட்டிப் பாக்கறதுக்குள்ள மங்கிடும். மிளகு சைஸ்ல ஒரு துண்டு தொட்டித்தண்ணில போட்டா உருகி குண்டாகி சொய்ங்னு ஓடும், பினாப்தலீன் விட்ட தண்ணி அது போற வழியெல்லாம் ரோஸ் ஆகும். சோடியத்துக்கு தண்ணி ஆகாது, அதனால கெரசின், வெள்ளை பாஸ்பரசுக்கு காத்து ஆகாது, அதனால தண்ணி, இத அவர் சொல்ற ராகத்துலயே நாமளும் சொல்லுவோம். எந்த உலோகம் வேகமா வினைபுரியும்னு மேலேர்ந்து கீழ அடுக்கின வினைதிறன் வரிசையும் அப்படித்தான், பொட்டாசியத்துல ஆரம்பிச்சு தங்கம் வரைக்கும், தூக்கத்துல எழுப்பினாலும் வரும்.

ஒருநாள் துத்தநாகத்தோட பயன் என்னன்னு கேட்டார். நான் எழுந்து, மீன்பிடி போட்டுக்கு அடியில சுக்கான் பக்கத்துல அத கட்டியா கட்டுவாங்க சார், இரும்பு துருப்பிடிக்காதுன்னேன். சார் சிரிச்சிட்டார். முலாம் பூசினா துருப்பிடிக்காது, எங்கயோ ஒரு மூலைல கட்டி தொங்கவிட்டா முழு இரும்பும் எப்படிடா தப்பிக்கும், உளறாதன்னார். கிளாஸே சிரிச்சுது. பெல் அடிக்கற வரைக்கும் நின்னேன். அப்பா போட்டு ரிப்பேர் பண்றவர், அவர் செய்யறத தினம் பாக்கறவன் நான், அதையே உளறல்னு சொன்னதுதான் தாங்கல. வீட்ல சொல்லல.

ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல அப்பா கூட இருந்தேன், சைக்கிள தள்ளிட்டு சார் வரார். அப்பா பலகைய தொடச்சு "குந்துங்க சார்"ன்னார். சார் குந்தல, நேரா அந்த கட்டி எங்கன்னு கேட்டார். கரைக்கு ஏத்தி வச்சிருந்த ஒரு லாஞ்ச்ல அப்பா காட்டினார், கட்டி புழு அரிச்ச மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்துச்சு, பக்கத்துல சுக்கான் இரும்பு நல்லா இருந்துச்சு. "உப்புத்தண்ணி எதையாவது துன்னும் சார், இத்த துன்னட்டும்னு கட்டி உடறது, சுக்கான் பொயச்சிக்கும்"ன்னார் அப்பா. சார் ரொம்ப நேரம் அத தடவிட்டே நின்னார், அப்புறம் இத எடுத்துட்டு போகட்டுமான்னு கேட்டு வாங்கிட்டு போனார்.

திங்கக்கிழமை அந்த கட்டிய டேபிள்மேல வச்சார். இவன் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு. துத்தநாகம் இரும்புக்கு மேலன்னு தினமும் உங்கள ஒப்பிக்க வைக்கறேன், மேல இருந்தா என்ன அர்த்தம், எலக்ட்ரான முதல்ல அதுதான் குடுக்கும், இரும்போட ஒட்டி இருந்து உப்புத்தண்ணியும் இருந்தா போதும், இரும்புக்கு பதிலா அது கரையும், இது எனக்கு தோணல பாருங்கன்னார். பழைய டார்ச் பேட்டரிய அறுத்து அந்த டப்பா தகட ஒரு ஆணில சுத்தினார், இன்னொரு ஆணி சும்மா, ரெண்டு கிளாஸ் உப்புத்தண்ணி. வெள்ளிக்கிழமை ஒண்ணு செங்காவியா இருந்துச்சு, தகடு சுத்தினதுல வெள்ளையா பொடி மட்டும். அத்தன பசங்க முன்னாடி ஒரு வாத்தியார் நான் தப்புன்னு சொன்னத அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல.

1807ல சோடியத்த முதல்ல பிரிச்செடுத்த ஹம்ஃப்ரி டேவிதான் 1824ல கப்பலோட செம்புத்தகட்ட காப்பாத்த இரும்பும் துத்தநாகமும் வைக்கலாம்னு சொன்னவர், இது இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் எனக்கு தெரியும். போன் பண்ணி சொன்னேன். சாருக்கு அவ்ளோ சந்தோஷம். இப்ப என்னடா கட்டறீங்கன்னார், அலுமினியம் சார், ஒரு கிலோ துத்தநாகம் குடுக்கற கரண்ட்ட விட மூணு மடங்கு குடுக்கும்னேன். உடனே கேட்டார், அலுமினியம்தான் ஆக்சைடு தோல போத்திக்கிட்டு சும்மா இருந்துடுமே, அப்புறம் எப்படிடா கரையுது? லீவுக்கு வரேன் சார், ஒரு துண்டு எடுத்துட்டு வந்து காட்டி சொல்றேன்னேன்.

ரெண்டு லீவு வந்துச்சு. ஒண்ணு தங்கச்சி வீட்டு கல்யாணத்துல போச்சு, இன்னொண்ண நானே கேன்சல் பண்ணேன், ஓவர்டைம் இருந்துச்சு. கல்மண்டபத்துலேர்ந்து சார் வீடு நடக்கற தூரம். அப்பாவும் போயிட்டார், இப்ப ராயபுரத்துல இறங்கினா அந்த கட்டிய பத்தி பேச எனக்கு ஆள் இல்ல.

இந்தியம்னு ஒரு உலோகம் கலக்கறாங்க சார், 100 கிலோவுக்கு 20 கிராம் மாதிரிதான், அந்த தோல நிலைக்க விடாது. துத்தநாகமும் அதுல 100க்கு 5 பங்கு மாதிரி இருக்கு சார், அப்பா கட்டினது அதுதான்.