சிக்னலில் நின்றால் சுடும் ஏசி

பழைய கார் வாங்கும்போது ஏசியை எல்லோரும் ஓட்டிக்கொண்டேதான் பார்க்கிறோம். நான் வாங்கிய 2014 மாடல் பெட்ரோல் காரும் அப்படித்தான் தேறியது. ரிங் ரோட்டில் போகும்வரை நல்ல குளிர். மதுரைக்குள் நுழைந்து கோரிப்பாளையம் சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான் வரும், அதுவும் சூடாக. வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடித்ததும் மறுபடி குளிரும்.

முதலில் காட்டிய கடையில் கையை வென்ட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மி சார், ஏத்திரலாம்" என்றார்கள். ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று கேஜ் மாட்டிப் பார்க்கவில்லை. ஏற்றிய பிறகு சிக்னலில் நிலைமை இன்னும் மோசம். கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கும், சற்று நேரத்தில் விட்டுவிடும், மறுபடி பிடிக்கும். திரும்பப் போய்ச் சொன்னால், "அப்போ கம்ப்ரஸர் வீக், மாத்தணும்" என்றார்கள். காரின் விலையில் கணிசமான தொகை அது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அலுவலக நண்பர் சொல்லி, ஏசி வேலை மட்டும் பார்க்கும் ஒரு சின்ன ஷெட்டுக்குப் போனேன். அங்கே இருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "நின்னா மட்டும் சுடுதா, ஓடுறப்பவும் சுடுதா?" நின்றால் மட்டும் என்றதும் பானெட்டைத் திறந்து, ஏசியைப் போடச் சொல்லி, ரேடியேட்டர் பக்கம் குனிந்து பார்த்தார். இந்த வண்டியில் இரண்டு ஃபேன். ஒன்று ரேடியேட்டருக்கு, இன்னொன்று முன்னால் இருக்கும், கேஸின் சூட்டை வெளியே விடும் கன்டென்சருக்கு. ஏசி ஓடும்போது சுற்றவேண்டிய இரண்டாவது அசையவே இல்லை. இன்ஜின் சூடு ஏறாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு கேஜ் மாட்டினார். ஹை சைடு முள், அதாவது கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கத்து அழுத்தம், வழக்கமாக 250 பிஎஸ்ஐ பக்கம் நிற்க வேண்டும். நின்ற வண்டியில் அது 400ஐயும் தாண்டி ஏறியது. கம்ப்ரஸர் விட்டுவிட்டுப் பிடித்ததற்குக் காரணம் அதுதான். அழுத்தம் எல்லை மீறினால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். கன்டென்சர் மேல் ஒரு மக்குத் தண்ணீரை ஊற்றினார். முள் மளமளவென இறங்கியது, வென்ட்டில் குளிர் வந்துவிட்டது. கம்ப்ரஸர் நன்றாகத்தான் இருக்கிறது, கேஸின் சூட்டை வெளியேற்றத்தான் வழியில்லை என்பது அந்த ஒரு மக்குத் தண்ணீரில் தெரிந்துபோனது. ஓடும்போது எதிர்க்காற்று அந்த வேலையைச் செய்ததால் ரிங் ரோட்டில் பிரச்சினை தெரியவில்லை.

ஃப்யூஸ் சரி. மின்சாரத்தை இணைத்துவிடும் ரிலே கெட்டிருக்குமோ என்று, ஹாரன் ரிலேயைக் கழற்றி ஃபேன் ரிலே இடத்தில் செருகிப் பார்த்தார், சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தும் சுற்றவில்லை. மோட்டாரில் கார்பன் தேய்ந்திருந்தது. புது மோட்டார் போட்டார்.

அடுத்தது கேஸ். அது பெட்ரோல் மாதிரி ஓடி ஓடித் தீருவதில்லை. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அதிகமானாலும் ஆபத்து, அழுத்தம் ஏறும். என் வண்டியில் அதிகம்தான் இருந்தது. இருந்ததை மெஷினில் உறிஞ்சி எடுத்து, அரை மணி நேரத்துக்கு மேல் வேக்கம் போட்டு (உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), முள் திரும்ப ஏறுகிறதா என்று பார்த்தார். ஏறவில்லை, கசிவு இல்லை. பானெட் உள்பக்க ஸ்டிக்கரில் ஆர்134ஏ என்ற ஏசி கேஸ் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறது. அந்த அளவைத் தராசில் எடை பார்த்து ஏற்றினார்.

காற்றின் வேகம் குறைவாக இருந்தது தனிக் கதை. டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றினால் கேபின் ஃபில்டர் வைக்கும் இடம் காலி. குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் கம்பெனியிலிருந்தே அது வராதாம். இத்தனை வருடத் தூசியும் கூலிங் காயிலில் அப்பியிருந்தது. சுத்தம் செய்து ஒரு ஃபில்டரும் போட்டதில் பழைய ஈரத்துணி நாற்றமும் போனது.

இப்போது மே மாத மதியத்தில் சிக்னலில் நின்றாலும் குளிர் நிற்கிறது. ப்ளோயரின் முதல் இரண்டு வேகங்கள் மட்டும் வேலை செய்யவில்லை, ரெசிஸ்டர் போயிருக்கிறது. மதுரை வெயிலுக்கு அந்த இரண்டும் எப்படியும் தேவைப்படாது என்று விட்டுவைத்திருக்கிறேன்.