0-5-0 எஞ்சின் பராக்!

மாடியில் ஓடுகிற எங்கள் மாடல் ரயிலில் மறுபடியும் அதே கதை. கூட்ஸ் யார்டுக்குள் திரும்புகிற மூன்றாவது பாயிண்ட், அதாவது பாதை இரண்டாகப் பிரிகிற இடம். நான்கே சக்கரம் கொண்ட அந்தக் கறுப்பு 0-4-0 டேங்க் எஞ்சின் வேகன்களை இழுத்துக்கொண்டு பதவிசாக வந்தது, பாயிண்டின் நடுவில் இருக்கும் ஃப்ராக் மேல் ஏறியது, அப்படியே சமாதி ஆகிவிட்டது. மறுநொடி மாமாவின் ஆள்காட்டி விரல் இறங்கியது. லேசாக ஒரு தட்டு. எஞ்சின் ஓடிவிட்டது. "மோட்டார் கொஞ்சம் மக்கர் பண்ணுது, அவ்ளோதான்" என்று தீர்ப்பும் வந்துவிட்டது.

சக்கரங்களை எண்ணி எஞ்சினுக்குப் பெயர் வைக்கிற மாடல் ரயில்காரர்கள் இந்த ஐந்து விரல்களுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 0-5-0. உலகத்திலேயே அதிகமாக ஓடுகிற எஞ்சின் இதுதான். நிலக்கரி வேண்டாம், டீ போதும்.

மோட்டார் பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை. விரல் செய்ததெல்லாம் எஞ்சினைச் சில மில்லிமீட்டர் நகர்த்தி, மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்ததுதான். பிரிகிற இரண்டு பாதைகளின் தண்டவாளங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம் ஃப்ராக். மலிவான பாயிண்டுகளில் அது பிளாஸ்டிக்; தண்டவாளத்திலிருந்து சக்கரம் எடுக்கிற மின்சாரம் அங்கே கிடைக்காது. ஒரு விரல்நகம் அளவுதான் இருக்கும். "இத்தனூண்டு இடத்துக்கா நிற்கும்? அந்தப் பக்கத்து இன்னொரு சக்கரம் தண்டவாளத்தில்தானே இருக்கிறது?" என்று கேட்பார்கள். இருக்கிறது, தொடவில்லை. வளையாத சட்டத்தில் நான்கு சக்கரம் என்றால் சமமில்லாத தரையில் போட்ட நாற்காலி கதைதான்: மூன்று கால்தான் ஊன்றும். ஒரு சக்கரம் பிளாஸ்டிக்கில், அதே பக்கத்து மற்றொன்று காகித கனத்துக்கு அந்தரத்தில். எஞ்சினுக்கு உயிர் போக இது போதும். இழுவைக்காக ரப்பர் டயர் மாட்டிய சக்கரம் இருந்தால் அதுவும் மின்சாரம் எடுக்காது. வேகமாக விட்டால் ஓடுகிற வேகத்திலேயே தாண்டிவிடும். நம் வீட்டுக் கூட்ஸ் வண்டி எக்ஸ்பிரஸ் வேகத்தில் போவதன் ரகசியம் அதுதான்.

விரலை வைத்தே ஆக வேண்டுமென்றால், தள்ளாமல் எஞ்சின் கூரையை மேலிருந்து லேசாக அழுத்துங்கள். ஓடினால் சக்கரம் தொடாததுதான் வியாதி. எங்கே நின்றது என்பதையும் பாருங்கள். ஃப்ராக் மேலேயே நின்றால் ஃப்ராக் செத்தது. ஃப்ராக்கைத் தாண்டிய பிறகும் அந்தப் பாதை முழுக்க உயிரில்லை என்றால் குற்றவாளி நாக்கு, அதாவது பாதையை மாற்ற இப்படியும் அப்படியும் நகர்கிற கூர்மையான தண்டவாளத் துண்டு. பல பாயிண்டுகளில் நாக்கு அசையாத பக்கத் தண்டவாளத்தை ஒட்டி நிற்கும் அந்த ஒரு தொடுதல் வழியாகத்தான் மின்சாரம் அந்தப் பக்கம் போகிறது. அங்கே ஒரு துளி பசை, ஒரு கோடு பெயின்ட், ஒரு ஜல்லித்துகள் போதும். ஜல்லி ஒட்டத் தண்ணீர் கலந்த ஃபெவிக்காலை ஊற்றுகிறவர்கள் அது நாக்கின் கீல் வரை நடந்துபோகும் என்று எதிர்பார்ப்பதே இல்லை.

உடனே மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். ஆனால் மீட்டர் இழுக்கிற மின்சாரம் ஒன்றுமேயில்லை; அழுக்குத் தொடுதலில்கூட முழு வோல்டேஜ் காட்டிவிட்டு நல்லபிள்ளையாக உட்கார்ந்திருக்கும். சாதாரண டிசி கன்ட்ரோலர் என்றால் காரில் போடும் 12 வோல்ட், 5 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர் வைத்து, ஒன்றை எதிர்த் தண்டவாளத்திலும் மற்றதை நாக்கிலும் தொடுங்கள். பாயிண்டுக்கு முன்னால் பளிச்சென்று எரிந்தது நாக்கில் மங்கினால் சங்கதி வெளியே வந்துவிட்டது.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டை நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவில் வைத்து, நாக்கை மூடி, இழுங்கள். காகிதம் கறுப்பில்லாமல் சுத்தமாக வரும் வரை இழுங்கள். உப்புக்காகிதம் வேண்டாம், அது போடுகிற கீறலில்தான் அடுத்த அழுக்கு குடியேறும். கதவுக்கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரேயைத் தண்டவாளத்துக்கு அடிக்கிறவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை.

சுத்தம் தற்காலிகம். நிரந்தரம் என்றால் சால்டரிங். ஒவ்வொரு நாக்கையும் அதன் பக்கத்திலேயே இருக்கிற தண்டவாளத்தோடு சின்ன ஒயரால் அடியில் இணைத்துவிடுங்கள். தொடுதலை நம்பி வாழ வேண்டாம். 25 வாட் அயர்ன், கொஞ்சம் ஃப்ளக்ஸ், இரண்டு மூன்று நொடி. அதற்கு மேல் வைத்தால் ஸ்லீப்பர்கட்டை உருகி வழியும்.

ஃப்ராக்குக்கும் உயிர் கொடுக்க வேண்டுமென்றால் அது உலோகமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தின் டெவன் பக்கம் இருக்கும் பெக்கோ நிறுவனத்துப் பாயிண்டுகளில் இன்சுல்ஃப்ராக் என்றால் பிளாஸ்டிக், எலெக்ட்ரோஃப்ராக் என்றால் உலோகம். யூனிஃப்ராக்கில் உலோக முனை தனியாக ஒரு ஒயரோடு வரும். அந்த ஒயரை எங்கேயும் இணைக்காமல் விட்டால் அதுவும் செத்த ஃப்ராக்தான். எலெக்ட்ரோஃப்ராக்கில் ஃப்ராக்கையும் நாக்கையும் சேர்க்கிற ஒயர்களை அடியில் வெட்டிவிட்டுத்தான் மேலே சொன்ன இணைப்பைக் கொடுக்க வேண்டும். ஃப்ராக்கிலிருந்து வெளியே போகும் உள்பக்கத் தண்டவாளங்கள் இரண்டுக்கும் பிளாஸ்டிக் ஜாயினர் கட்டாயம். பிறகு நாக்கை நகர்த்துகிற பாயிண்ட் மோட்டாரோடு சேர்ந்து மாறுகிற ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்ச்: நடுமுனை ஃப்ராக்குக்கு, மற்ற இரண்டும் ஆளுக்கொரு பக்கத் தண்டவாளத்துக்கு. எஞ்சின் ஃப்ராக்கைத் தொட்டதும் கன்ட்ரோலர் ட்ரிப் ஆனால் அந்த இரண்டு ஒயரை மாற்றிப் போடுங்கள், வேறொன்றுமில்லை.

பிளாஸ்டிக் ஃப்ராக்கிலும் ஒரு வேடிக்கை உண்டு. அகலமான சக்கரம் முனையில் நெருங்கி நிற்கும் எதிரெதிர்த் தண்டவாளங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் மிதித்து ஷார்ட் ஆக்கும். அங்கே நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டியதுதான். ஓஓ (OO) எனப்படும் மாடல் அளவில் செய்த எஞ்சின் என்றால் சக்கரங்களின் உள்பக்க இடைவெளி 14.5 மில்லிமீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்கும் சோம்பல்பட்டால் டிசிசி டிகோடரோடு (எஞ்சினுக்குள் இருந்து டிஜிட்டல் கட்டளையைக் கேட்கும் சில்லு) 'கீப் அலைவ்' கெப்பாசிட்டர் வைக்கலாம்; மின்சாரத்தைச் சேமித்து வைத்துத் தொடுதல் விட்டுப்போகும் நொடியில் கொடுக்கும். குட்டி எஞ்சினில் இடமிருக்காது. பெரும்பாலும் டிரைவர் பொம்மைக்குத்தான் வேலை போகும். செத்த ஃப்ராக்கெல்லாம் இனி தூசு. ஒரே ஒரு சங்கடம்: அவசரத்துக்குத் தண்டவாள மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தினால் அந்தச் செய்தி எஞ்சினுக்கு உடனே எட்டாது. ஊரே இருட்டாகி நிற்க, அது மட்டும் ஒன்றிரண்டு நொடி ஜம்மென்று ஓடி, பாதை முடிவில் தடுக்கிற பஃபரை முட்டிச் சாய்த்துவிட்டு மேஜை விளிம்பை எட்டிப் பார்க்கும்.